மகளின் கைப்பையில் எதை வைத்து அனுப்புவது?

கேள்வி: என் மகளுக்கு 22 வயது. சிறுசேரியில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. மாதத்தில் இரண்டு வாரம் இரவுப் பணி. பெண்கள் விடுதியில் தங்கப் போகிறாள். மின்னதிர்ச்சி தரும் டார்ச் ஒன்றை இணையத்தில் வாங்கிக் கொடுக்கலாம் என்கிறான் என் அண்ணன் மகன். பெப்பர் ஸ்ப்ரே போதும் என்கிறார் பக்கத்து வீட்டு ஆசிரியை. வெளிநாட்டில் பெண்கள் உடலுக்குள்ளேயே பொருத்திக்கொள்ளும் கருவி ஒன்று இருக்கிறதாமே, அது இங்கே கிடைக்குமா? செலவைப் பற்றிக் கவலை இல்லை, டாக்டர். எது உண்மையில் காப்பாற்றும் என்று மட்டும் சொல்லுங்கள். இந்தக் கடிதம் எழுதுவது என் மகளுக்குத் தெரியாது.
- ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டதற்கு முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். கையடக்க அலாரம் ஒன்றும் பெப்பர் ஸ்ப்ரே ஒன்றும் வாங்கிக் கொடுங்கள். இரண்டும் சேர்ந்து ஆயிரம் ரூபாயைத் தாண்டத் தேவையில்லை. மின்னதிர்ச்சி டார்ச் வேண்டாம். உடலுக்குள் பொருத்தும் கருவி இங்கே கிடைக்காது. கிடைத்தாலும், மகப்பேறு மருத்துவராக நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். காரணங்களைச் சொல்கிறேன். இந்தப் பொருள்கள் எதுவுமே எட்டாத இடம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு அதிக நேரம் வேண்டும்.

நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிய யோசனை அல்ல. நான் கல்லூரிக்குப் போன காலத்தில் பஸ்ஸில் ஏறுமுன் தாவணியிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வோம். அம்மா மிளகாய்ப் பொடியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கப் பெண்கள் தொப்பியில் செருகும் நீண்ட ஊசியை இதற்குத்தான் பயன்படுத்தினார்கள். 1910-ல் சிகாகோ நகரசபை அந்த ஊசியின் நீளத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. பெண்களைச் சீண்டிய கைகளை விட்டுவிட்டு ஊசியை அளந்த அந்தச் சட்டத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும்.

நீங்கள் கேள்விப்பட்ட உள்ளே பொருத்தும் கருவி தென்னாப்பிரிக்காவில் உருவானது. ரத்தப் பரிசோதனைத் துறையில் வேலை பார்த்த சோனெட் ஏலர்ஸ் என்ற பெண்மணி 2005-ல் அதை அறிமுகப்படுத்தினார். பெயர் ரேப்-ஆக்ஸ். பெண்ணின் பிறப்புறுப்புக்குள் பொருத்தும் லேடெக்ஸ் உறை அது. அதன் உட்புறம் பின்னோக்கிச் சாய்ந்த முட்கள் இருக்கும். வன்கொடுமை செய்பவனின் உறுப்பில் அவை குத்தி மாட்டிக்கொள்ளும், மருத்துவர்தான் எடுக்க முடியும். 2010-ல் அங்கே உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தபோது இதை விநியோகிக்கப் போவதாகப் பேச்சு எழுந்து, உலகம் முழுக்க செய்தியானது. கடைகளில் பரவலாக விற்பனைக்கு வரவே இல்லை.

அதை உருவாக்கியவரின் வேதனை எனக்குப் புரிகிறது. வன்கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணின் சொல்தான் அவரை அந்த வேலையில் இறக்கியது. ஆனால் அந்தக் கருவி எப்போது வேலை செய்யத் தொடங்குகிறது என்று பாருங்கள். அவன் உள்ளே நுழைந்த பிறகு. நம் சட்டப்படி அந்தக் கணத்திலேயே வன்கொடுமை நடந்து முடிந்துவிட்டது. கருவி தடுத்தது எதுவும் இல்லை. வலியில் வெறிகொண்ட ஒருவனோடு அவள் அதே இடத்தில் தனியாக இருக்கிறாள். அவன் கையில் கத்தி இருந்தால்? கூட இன்னும் இருவர் இருந்தால்? இவற்றுக்கு அதில் விடை கிடையாது. தினமும் காலையில் எழுந்து, இன்று எனக்கு இது நடக்கலாம் என்று எண்ணியபடி ஒரு பெண் அதைப் பொருத்திக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும். உள்ளே அந்நியப் பொருளை நாள் முழுக்க வைத்திருப்பதால் வரும் தொற்றுகளுக்கு நான் மருந்து எழுதியிருக்கிறேன். பயத்தை உடம்புக்குள் சுமந்துகொண்டு நடப்பதற்கு எழுதித் தர என்னிடம் மருந்து இல்லை.

மின்னதிர்ச்சிக்கு வருவோம். 2012 டிசம்பர் டெல்லிக் கொடூரத்துக்குப் பிறகு, 2013-ல் சென்னை எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவர்கள் மூவர் மின்னதிர்ச்சி தரும் உள்ளாடை ஒன்றை வடிவமைத்தார்கள். மார்புப் பகுதியில் அழுத்தம் பட்டால் அது உணர்ந்துகொள்ளும், எதிராளிக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும், பெற்றோருக்கும் காவல்துறைக்கும் இருப்பிடத்தோடு செய்தி அனுப்பும். கொதிக்கும் மனதோடு பிள்ளைகள் செய்த வேலை அது, அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் சித்திரை வெயிலில், வியர்வையில் நனைந்த துணியில், நெரிசலான பஸ்ஸில் யாருடைய முழங்கை பட்டாலும் அழுத்தம் அழுத்தம்தானே? ஒரு நாள் தவறாக இயங்கினால் மறுநாள் அவள் அதை அணைத்துவைப்பாள்.

இணையத்தில் விற்கும் டார்ச்சின் கதை வேறு. அட்டையில் பல லட்சம் வோல்ட் என்று அச்சிட்டிருப்பார்கள். காற்றில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியை மின்பொறி தாண்ட ஏறத்தாழ 30,000 வோல்ட் போதும். டார்ச்சின் இரண்டு முனைகளுக்கு இடையே இரண்டு சென்டிமீட்டர் என்றால் அறுபதாயிரத்துக்குப் பக்கத்திலேயே பொறி பாய்ந்துவிடும். மீதி லட்சங்கள் அட்டையில் மட்டும்தான் இருக்கின்றன. அது எதிராளியின் உடலில் அழுந்தியிருக்க வேண்டும், அதுவும் சில நொடிகள். தடித்த ஜீன்ஸ் துணி இருந்தால் பயன் குறையும். அவ்வளவு நெருக்கத்தில், அவளைவிட வலுவான ஒருவன் அதைப் பிடுங்க எவ்வளவு நேரம் ஆகும்? பிடுங்கினால் அது அவன் கருவி. வெளிநாட்டுப் போலீஸ் தூரத்திலிருந்து சுடும் டேசரைப் படத்தில் பார்த்துவிட்டு இதையும் அப்படி நினைத்துவிடக் கூடாது.

கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 2014 ஜனவரியில் பெண்களுக்கென்று ‘நிர்பீக்’ என்ற கைத்துப்பாக்கியையே வெளியிட்டது. அரை கிலோ எடை, விலை ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். அதற்கு உரிமமும் வாங்க வேண்டும். யாருக்காக அதைச் செய்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பெப்பர் ஸ்ப்ரேயை நான் ஏன் ஏற்கிறேன் என்றால், கைக்கு எட்டாத தூரத்திலேயே அது வேலை செய்கிறது. இரண்டு மூன்று மீட்டர் வரை பாயும். மிளகாயின் காரச்சத்துதான் உள்ளே இருப்பது. கண்ணில் பட்டால் இமைகள் தாமாக மூடிக்கொள்ளும், மூச்சு திணறும். அவள் ஓட அந்த நேரம் போதும். நின்று பார்க்கக் கூடாது, ஓட வேண்டும். ஆனால் கைப்பையின் அடியில், சீப்புக்கும் சாவிக்கும் கீழே கிடந்தால் அது இல்லாததற்குச் சமம். நடக்கும்போது கையிலோ சட்டைப் பையிலோ இருக்கட்டும். எதிர்க்காற்றில் அடித்தால் அவள் முகத்துக்கே திரும்பும். ஆட்டோவுக்குள், லிப்ட்டுக்குள், சிறிய அறைக்குள் இருவரையும் தாக்கும். உங்கள் மகளுக்கு ஆஸ்துமா இருந்தால் இன்னும் கவனம் தேவை. புட்டியில் காலாவதித் தேதி இருக்கும், பாருங்கள். வாங்கியதும் மொட்டை மாடியில் காற்று போகும் திசையில் ஒருமுறை அடித்துப் பழகட்டும். கண்ணில் பட்டால் தேய்க்காமல் தண்ணீர் விட்டு நெடுநேரம் கழுவ வேண்டும். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக அனுமதி இல்லை. வாய்த்தகராறுக்கெல்லாம் எடுக்கக் கூடாது என்பதையும் சொல்லிவையுங்கள். 2024-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் இதை ஆபத்தான ஆயுதம் என்றே குறிப்பிட்டது. உடலுக்கோ உயிருக்கோ ஆபத்து என்றால் நிலைமை வேறு. வன்கொடுமை செய்யும் நோக்கத்தோடு தாக்குபவனைத் தடுக்கும் போது, அவன் உயிர் போகும் அளவுக்குக்கூடத் தற்காப்பு உரிமை உண்டு என்கிறது சட்டம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 100-வது பிரிவு அது, புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் 38-வது பிரிவு.

இந்தப் பொருள்களில் எனக்குப் பிடித்தது அலாரம்தான். ஊசியை இழுத்தால் காது கிழியும் அளவுக்கு அலறும். அதைப் பிடுங்கி அவள்மேல் திருப்ப யாராலும் முடியாது. ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் பயன் குறைவு என்பது உண்மை. ஆனால் விடுதி மாடிப்படியிலும், பேருந்து நிறுத்தத்திலும், அலுவலக வாகன நிறுத்துமிடத்திலும் அதைவிட எளிய துணை இல்லை. ஃபோனில் 112 அவசர உதவியை எப்படி அழைப்பது என்பதையும் அவளே அமைத்துப் பார்க்கட்டும். ஃபோனுக்கு ஃபோன் முறை மாறும். பூட்டிய திரையிலிருந்து, பார்க்காமலேயே, ஒரு கையால் செய்ய வர வேண்டும்.

இனி, கருவி வாங்கும் எல்லாப் பெற்றோரிடமும் நான் கட்டாயமாகச் சொல்லும் ஒன்று. 31 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்தேன். வன்கொடுமைக்கு ஆளாகிப் பரிசோதனைக்கு வந்த பெண்களில் எத்தனையோ பேர், யாரும் கேட்காமலேயே, தலையைக் குனிந்தபடி என்னிடம் சொன்ன வாக்கியம் ஒன்று உண்டு: “கத்த நினைத்தேன் டாக்டர், குரலே வரவில்லை.” கை கால் கல்லாகிப் போனது என்பார்கள். உடலுக்கு ஏதோ குறை என்றும், தாங்களே இடம் கொடுத்துவிட்டோம் என்றும் நினைத்துக் குமைவார்கள். இது குறை அல்ல, சம்மதமும் அல்ல. பேராபத்தில் மூளை உடலைச் செயலறச் செய்துவிடும் அனிச்சைச் செயல் இது. 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்டாக்ஹோமில் வன்கொடுமைக்குப் பின் அவசர சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் விசாரித்தார்கள். 70 சதவீதம் பேருக்கு இந்த உறைநிலை ஏற்பட்டிருந்தது. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது மிகக் கடுமையாக இருந்தது.

கையே அசையாதபோது, கையில் இருக்கும் கருவி என்ன செய்யும்? அசைய முடியாத பெண்ணை நினைத்து உருவான கருவியாக எனக்குத் தெரிந்து ஒன்றைச் சொல்லலாம். முன்பு சொன்ன எஸ்.ஆர்.எம். மாணவர்களில் ஒருவரான மனிஷா மோகன், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்தபோது 2017-ல் ஆடையில் ஒட்டும் ஸ்டிக்கர் ஒன்றை உருவாக்கினார். ஆடை வலிந்து கழற்றப்படுவதை அது உணரும். அவள் ஃபோனில் கேட்கும் கேள்விக்குப் பதில் வராவிட்டால் ஒலியெழுப்பி, நெருங்கியவர்களுக்குச் செய்தி அனுப்பும். மயங்கிக் கிடப்பவளையும் படுத்த படுக்கையில் இருப்பவளையும் அவர் யோசித்திருக்கிறார்.

கருவி கொடுப்பதில் இன்னொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. நாளை ஏதாவது நடந்துவிட்டால் முதலில் வரும் கேள்வி என்னவாக இருக்கும்? “அதுதான் கையில் இருந்ததே, ஏன் அடிக்கவில்லை?” போலீஸ் கேட்கும், உறவு கேட்கும், சில சமயம் பெற்ற தாயும் கேட்பாள். இந்தக் கேள்வி நம் நாட்டில் ஒரு பெண்ணின் வழக்கையே கொன்றிருக்கிறது. 1972-ல் மகாராஷ்டிரத்தில் ஒரு பழங்குடிப் பெண் காவல் நிலையத்துக்குள்ளேயே சீரழிக்கப்பட்டாள். உடலில் காயம் இல்லை, எதிர்த்ததற்கு அடையாளம் இல்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. நாடு கொதித்து, 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் அவள் சம்மதித்ததாகக் கொள்ளக் கூடாது என்று சட்டம் வெளிப்படையாக எழுத 2013 வரை ஆனது. அத்தனை காலம் போராடி நீதிமன்றத்திலிருந்து வெளியேற்றிய கேள்வியை, ஒரு ஸ்ப்ரே புட்டியோடு சேர்த்து நம் வீட்டுக்குள் நாமே அழைத்து வந்துவிடக் கூடாது. அதைக் கொடுக்கும்போதே சொல்லிக் கொடுங்கள்: “பயன்படுத்த முடிந்தால் பயன்படுத்து. முடியாமல் போனால் அது உன் தவறு ஆகாது.”

சகோதரி, நீங்கள் மனதில் யாரை வைத்துப் பயப்படுகிறீர்கள்? இருட்டில் நிற்கும் முகம் தெரியாத ஒருவனை. அந்தப் பயம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். 2014 பிப்ரவரியில் அதே சிறுசேரியில், பணி முடிந்து கிளம்பிய ஓர் இளம் பொறியாளருக்கு நேர்ந்ததை உங்களைப் போலவே நானும் மறக்கவில்லை. அதனால்தான் முதலில் நிறுவனத்திடம் கேட்கச் சொல்கிறேன்: இரவுப் பணிக்கு வாகனம் விடுதி வாசல் வரை வருமா? கடைசியாக இறங்குபவள் பெண்ணாக இருந்தால் கூடக் காவலர் வருவாரா? இரவில் பெண்களை வேலை வாங்கும் நிறுவனம் அவர்களின் சம்மதத்தை எழுத்தில் பெற வேண்டும், போக்குவரத்தும் பாதுகாப்பும் தர வேண்டும். இது சலுகை அல்ல. வேலையில் சேரும் முதல் வாரத்திலேயே அவள் இதைக் கேட்கலாம். பணியிடப் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்கலாம்.

ஆனால் கணக்கு வேறொன்றைச் சொல்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2021-ல் இந்தியாவில் பதிவான வன்கொடுமை வழக்குகள் 31,677. அவற்றில் 30,571 வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவன் அவளுக்குத் தெரிந்தவன். குடும்பத்தான், அண்டை வீட்டான், வேலை கொடுத்தவன், நண்பன், இணையத்தில் பழகியவன், திருமணம் செய்கிறேன் என்று சொன்னவன். புகார் வரை வந்தவற்றின் கணக்குதான் இது என்றாலும், என் பரிசோதனை அறையில் நான் கண்டதும் இதேதான். தெரிந்தவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது எந்தப் பெண்ணும் ஸ்ப்ரேயைக் கையில் எடுத்து வைப்பதில்லை.

பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கை நினைத்துப் பாருங்கள். 2019-ல் வெளியே வந்தது. முகநூலில் பெண்களோடு பழகி, நம்பவைத்து, அழைத்துப்போய், வீடியோ எடுத்து மிரட்டினார்கள். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. அவர்களிடம் இருந்த ஆயுதம் எது? வீடியோவா? அந்த வீடியோவுக்குக் கூர்மை கொடுத்தது, “வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்” என்று அந்தப் பெண்களுக்கு இருந்த பயம். அந்தப் பயத்தை வளர்த்தது அவர்கள் அல்ல, நாம். ஒரு பெண் வீட்டில் சொன்னாள், வீட்டார் கூட நின்றார்கள், புகார் போனது. அங்கிருந்துதான் அவர்கள் பிடி தளர்ந்தது.

கடையில் கிடைக்காத இந்த ஒன்றை உங்களால் மட்டும்தான் கொடுக்க முடியும். கிளம்பும் நாளுக்கு முன் அவளை உட்காரவைத்துச் சொல்லுங்கள். யாரோடு போயிருந்தாலும், எந்த நேரத்தில் போயிருந்தாலும், என்னிடம் பொய் சொல்லிவிட்டே போயிருந்தாலும், எதைக் குடித்திருந்தாலும், நடு இரவில் கூப்பிடு. முதலில் வந்து சேருவேன். ஏன் போனாய் என்று கேட்க மாட்டேன். வேலையை விட்டு வா என்றும் சொல்ல மாட்டேன். இந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். உண்மையைச் சொன்னால் வீட்டுக்குத் திரும்ப அழைத்துவிடுவார்கள் என்பதற்காகவே பல பெண்கள் மேலாளரின் தொல்லையை மாதக்கணக்கில் விழுங்கிக்கொள்கிறார்கள்.

செலவைப் பற்றிக் கவலை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்தப் பணத்தை ஒரு நல்ல தற்காப்புப் பயிற்சிக்குக் கொடுங்கள். கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் 893 மாணவிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு 12 மணி நேரப் பயிற்சி கொடுத்தார்கள், மறு பாதிக்குத் தகவல் ஏடுகளை மட்டும் கொடுத்தார்கள். 2015-ல் முடிவு வெளியானது. ஓராண்டுக்குள் வன்கொடுமைக்கு ஆளானவர்கள் ஏடு மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 9.8, பயிற்சி பெற்றவர்களில் 5.2. எந்தக் கருவிக்கும் இப்படி ஒரு சோதனை முடிவை நான் பார்த்ததில்லை. அடி உதை மட்டும் அல்ல அந்தப் பயிற்சி. தெரிந்தவன் எல்லை மீறத் தொடங்கும்போதே அதை அடையாளம் காண்பது, “இவன் மனம் புண்படுமே” என்ற தயக்கத்தைத் தாண்டுவது, உரக்க மறுப்பது, பிறகு உடலால் எதிர்ப்பது. மறுத்துப் பேசக் கூடாது என்று நாம் இருபது ஆண்டுகளாகப் பழக்கிய பிள்ளைக்கு, மறுத்துப் பேசச் சொல்லிக் கொடுக்கும் பாடம். நம் ஊரில் அதே பயிற்சி கிடைக்காவிட்டாலும், வாய்விட்டுக் கத்தவும் மறுக்கவும் பழக்கும் வகுப்பாகப் பார்த்துச் சேருங்கள்.

இதையும் அவளுக்குத் தெரிய வையுங்கள். நடக்கக் கூடாதது நடந்துவிட்டால் மருத்துவமனைக்கு எவ்வளவு சீக்கிரம் வர முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வர வேண்டும். கர்ப்பம் தரிக்காமல் இருக்க மாத்திரை, எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க 28 நாள் மருந்து, இரண்டையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். முதல் நாளே என்றால் மிக நல்லது. முடிந்தவரை குளிக்காமல் வரட்டும், உடுத்தியிருந்த துணியைக் காகிதப் பையில் போட்டு எடுத்து வரட்டும். குளித்துவிட்டாலும் வரட்டும். அரசு மருத்துவமனையும் சரி, தனியார் மருத்துவமனையும் சரி, இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தர மறுக்க முடியாது. போலீஸ் காகிதம் இருந்தால்தான் தொடுவோம் என்றும் சொல்ல முடியாது. பிறப்புறுப்புக்குள் விரல்விட்டுப் பார்க்கும் ‘இரு விரல் பரிசோதனை’யை உச்ச நீதிமன்றம் 2022-ல் முற்றாகத் தடுத்துவிட்டது, யாராவது முயன்றால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம், எல்லை பிரச்சினை இல்லை. வழிகாட்ட 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. அவள் பெயரை வெளியிடுவது குற்றம். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். அதற்காக அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். சட்டம் இருந்தும் தவறுகிறார்கள் என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. தவறினால் கேட்க இடம் இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் ஒன்று எழுதியிருந்தீர்கள். இந்தக் கடிதம் எழுதியது மகளுக்குத் தெரியாது என்று. இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் அவளிடம் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தையும் அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அலாரமும் ஸ்ப்ரேயும் வாங்க இருவரும் சேர்ந்தே கடைக்குப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் மருத்துவர்